இரைச்சல் அடங்கிய பிறகு

பிப்ரவரி 9

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

நலமா? நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாதம் முடிந்துவிட்டது. மூன்று கடிதம் போட்டேன், ஒரு வரி பதில் இல்லை. திட்டியாவது எழுது.

நான் ஆம்ப்ளிஃபயர் செய்யக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. பல்பு மாற்றவே உன்னைக் கூப்பிட்டவன்தான். டிப்போவில் பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. புத்தகம் ஒன்று வாங்கினேன், ஈயம் உருக்கிப் பற்றவைக்க ஒரு சால்டரிங் அயன், கொஞ்சம் சாமான். முதல் நாளே கண்டென்சரைத் தலைகீழாக மாட்டி அது வெடித்தது. பக்கத்து வீட்டு டீச்சர் ஓடி வந்து, "என்னங்க, சிலிண்டரா?" என்று கேட்டார்.

எதற்கு இந்தக் கூத்து என்றால், பேச்சுப் போட்டிக்குப் போன அன்று காலையில் சிட்டு கடைசியாக ஒருமுறை பேசிப் பார்த்தாளே, அந்த டேப் உன் பெட்டியில் இருக்கிறது. ரெக்கார்டரை ஜன்னல் ஓரம் வைத்தது என் தப்பு. அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அதைப் பெரிதாக்கிக் கேட்க வேண்டும். அனுப்பி வை.

உன் கணவன்

மார்ச் 2

வணக்கம்.

நலம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் இங்கேயும் வேலை கிடைத்துவிட்டது. ஈரத் துணி தூக்கித் தோள் வலிக்கிறது, மற்றபடி குறையில்லை.

வெறும் கையோடு கரண்டைத் தொடாதீர்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

டேப்பைக் கேட்காதீர்கள். அது என்னிடமே இருக்கட்டும்.

சிட்டு அம்மா

மார்ச் 17

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

ஒலியைப் பெருக்குகிற ஐ.சி. சில்லு மூன்றை எரித்தாயிற்று. சூட்டை வாங்கிக்கொள்ள அதன் முதுகில் அலுமினியத் தகடு வைக்க வேண்டுமாம், எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர், "சார், உங்களப் பாத்தாலே ஐ.சி. எல்லாம் டப்பாக்குள்ள ஒளிஞ்சுக்குது" என்கிறார். நாலாவது பிழைத்துவிட்டது. ஆனால் பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல், வண்டு புகுந்த மாதிரி. எர்த் வயர்களைக் கண்ட இடத்தில் இணைத்தால் அப்படித்தான் வருமாம். எல்லாவற்றையும் பிரித்து ஒரே புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. போன வாரம் அவள் குரலை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. முகம் வருகிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அவள் போன ஆறே மாதத்தில் மறக்கிற தகப்பன் உண்டா? டேப்பை அனுப்பு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் கணவன்

ஏப்ரல் 6

வணக்கம்.

பார்சலில் டேப் இருக்கிறது. இதற்கு மேல் மறுக்க எனக்குத் தெம்பில்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் பேச்சை முடித்து "நன்றி, வணக்கம்" சொல்வாள். அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் டேப் ஓடுகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

சிட்டு அம்மா

ஏப்ரல் 20

சிட்டு அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரைச்சல் அடங்கியது. ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் ஒன்றும் கேட்கவில்லை. டேப்பைப் போட்டேன். "அவையோர் அனைவருக்கும்" என்று ஆரம்பித்தாள். எனக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. "நன்றி, வணக்கம்" சொன்னாள். நிறுத்தத்தான் கையை நீட்டினேன். இன்னும் ஒரு வார்த்தை இருக்காதா என்று விட்டுவிட்டேன்.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, கழுத்தை வளைக்கவே முடியல. தலையும் வலிக்குது. இன்னிக்குப் போகலப்பா."

"போட்டின்னா இப்படித்தான் எல்லா வலியும் வரும். கிளம்பு."

"அம்மா வந்ததும் கேக்குறேன்."

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிட்டு நிக்காத. சின்னதச் சொன்னாலும் படுக்க வச்சிடுவா. கிளம்புன்னா கிளம்பு."

பிறகு அழுகிறாள். கதவுச் சத்தம்.

சத்தியமாக எனக்கு இது நினைவில்லை. ஷூ மாட்டிக்கொண்டே சொல்லியிருப்பேன். நீ அன்று காலை ஷிப்டில் இருந்தாய். ராத்திரி ஜுரம் என்றுதான் உன்னிடம் சொன்னாள், நீ மாத்திரை கொடுத்தாய். மறுநாள் டாக்டர், "இது மூளைக்காய்ச்சல். கழுத்து வலின்னு முன்னாடியே சொன்னாளா?" என்று கேட்டபோது நான் உன் பக்கம் திரும்பி, "பெத்தவளுக்கு இதுகூடவா தெரியல?" என்று கத்தினேன். அத்தனை பேர் முன்னால்.

நீ இதைக் கேட்டிருக்கிறாயா?

கணவன் என்று கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

மே 4

வணக்கம்.

கேட்டேன். அவள் போன பத்தாம் நாள். பழைய ரெக்கார்டரின் ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்தேன்.

உங்கள் முகத்தில் எறிய டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். நீங்கள் உங்கள் அண்ணனிடம், "இவ கவனிச்சிருந்தா புள்ள பொழச்சிருக்கும்" என்று சொல்லி அழுதுகொண்டிருந்தீர்கள். அப்போது காட்டியிருந்தால் நீங்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டீர்கள். உள்ளே போய்ப் பெட்டி கட்டினேன். உங்களோடு இருந்தால் என்றாவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் கிளம்பினேன். கோபத்தில் போனேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன்.

வேண்டுமென்றா செய்தீர்கள்? இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் உங்களைக் காப்பாற்றியதிலேயே என்னிடம் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களிடம் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

சிட்டு அம்மா

ஜூன் 1

சிட்டு அம்மாவுக்கு,

ஏழு பேரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அண்ணன் எழுந்து வெளியே போனார். அண்ணி, "இத்தன நாளா அந்தப் பொண்ண நானும் தப்பாப் பேசினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். என் தங்கை, "ஏன்ணா இப்பப் போய்ச் சொல்ற, இருந்தபடி இருந்திருக்கலாம்ல" என்றாள். உன் தம்பி என் சட்டையைப் பிடித்தான், பிறகு அவனே விட்டுவிட்டான். என் மாமாவும் அத்தையும் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

உன் அப்பாவிடம் கடைசியாகப் போனேன். நாற்காலியைக் காட்டினார். முழுவதையும் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிளம்பும்போது அழுதாளா மாப்ள?"

இல்லை, சிரித்துக்கொண்டேதான் போனாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். வயதானவர், தாங்கமாட்டார் என்று பட்டது. அப்படி நினைத்துத்தானே நீயும் என்னிடம் மறைத்தாய்.

"ஆமா மாமா. அழுதா" என்றேன்.

நீ பதில் எழுத வேண்டாம்.

சிட்டு அப்பா