உச்சிவெயிலுக்கு மணி ஒன்று இருபது

பதிவு 12 / மே 3, பகல் 1.40

கடலாய்வு மிதவை நிலையம். ஆள்: நான் மட்டும். ஜெசிந்தா, தூத்துக்குடி. சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் செத்தன. நிலையத்தின் கடிகாரங்களும் போயின. நங்கூரக் கம்பி அறுந்து எங்கோ மிதந்து வந்துவிட்டேன். ஓடுவது, நான் கிளம்பும்போது என் கணவர் ரொமால்ட் கையில் கட்டிவிட்ட, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றுதான்.

அது போதும். இந்திய நேரத்தின் தீர்க்கரேகையில் சூரியன் பன்னிரண்டுக்கு உச்சிக்கு வரும். இங்கே நிழல் மிகக் குறுகியபோது மணி ஒன்று இருபது. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. ஆக, இருபது பாகை மேற்கே. நிழலின் நீளத்தில் கணித்த அட்சரேகையையும் சேர்த்து வானொலியில் சொல்லிவிட்டேன். பேச மட்டும்தான் முடிகிறது. கேட்கும் பகுதி எரிந்துபோயிற்று.

பதிவு 15 / மே 6, பகல் 2.05

மூன்று நாளாக அதே ஒன்று இருபது. காற்று விழுந்துவிட்டது, நகரவில்லை. யாராவது கேட்டார்களா? சனியன், ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் நான்கு லிட்டர்.

இடம் சொல்லியாயிற்று. இனி எனக்கு ஒரு மனிதக் குரல் வேண்டும். வானொலியின் பேசும் பகுதியிலிருந்து பாகங்களைப் பிரித்துக் கேட்கும் பகுதியில் மாட்டுகிறேன்.

பதிவு 17 / மே 8

கேட்கிறது! ரொமால்ட்! ஆழ்கடல் விசைப்படகில் வந்திருக்கிறார்!

"ஏட்டி ஜெசி, நீ சொன்ன எடத்துலதான் நிக்கோம். ஒன்னயக் காணோமே. மணி பன்னெண்டே கால் ஆவுது. ஒரு பொகையாவது காட்டு."

என் கையில் பன்னிரண்டு இருபத்தைந்து.

ஐயோ. எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரத்தையும் அவர் பத்து நிமிடம் கூட்டித்தான் வைப்பார். அப்போதுதான் நான் பூசைக்கு நேரத்துக்குக் கிளம்புவேனாம். அடுப்படிக் கடிகாரத்தில் தினமும் கழித்துப் பார்ப்பவள், இதில் கழிக்கவில்லை. பத்து நிமிடம், இரண்டரைப் பாகை. எனக்கு மேற்கே இருநூற்றெழுபது கிலோமீட்டரில் நின்று கூப்பிடுகிறார்.

பிரித்ததைப் பேசும் பகுதியில் திரும்ப மாட்டினேன். உயிர் வரவில்லை. மறுபடி கேட்கும் பகுதியிலேயே மாட்டினேன்.

பதிவு 18 / மே 9

தண்ணீர் இல்லை.

"டீசல் ஊருக்குத் திரும்ப மட்டுந்தான் இருக்குன்னு டிரைவர் சொல்லுதாரு. நான் காலப் புடிச்சிக் கெஞ்சுதேன். எல்லாத்துக்கும் லேட்டாத்தான் வருவ, இதுக்கும் லேட்டா வந்தா போதும்ட்டி..."

கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள், ரொமால்ட். நீங்கள் கட்டிவிட்டதுதான். கத்திப் பார்த்தேன். கடலுக்குத்தான் கேட்டிருக்கும்.

"மணி ஆறு. கெளம்புதோம் ஜெசி."

ஆறு பத்து. பத்து நிமிடம் பின்னால் திருப்பி வைத்தேன். இப்போது சரியாக ஓடுகிறது.