கப்பலேறாத அட்டை

பேத்திக்கு,

செவ்வாய்க்கிழமை நம் தீவின் ஹாடோ துறையில் உன்னைக் கப்பலேற்ற வந்தவர்கள் உன் அப்பா, அம்மா, செந்தமிழன் மாமா, நான். "எல்லாம் எடுத்தாச்சாடி?" என்று அம்மா கேட்டாள். "டென்ஷன் மத் லோ அக்கா, ஐலண்டர் கார்டு இருக்குல்ல, விட்ருவான்" என்று மாமா சிரித்தான். கப்பலில் ஏற விட்டுவிட்டார்கள். எம்.டெக் சேர எழுதும் கேட் பரீட்சைக்கோ, விண்ணப்பத்தில் கொடுத்த ஆதார் அட்டையே வேண்டுமாம்.

அது இங்கே முருகன் படத்தடியில் இருக்கிறது. ஹால் டிக்கெட்டோடு சேர்த்து ஆசீர்வாதத்துக்கு வைத்தது. ஹால் டிக்கெட்டை மட்டும் எடுத்து உன் பையில் போட்டது யார் என்று இப்போது ஆராய வேண்டாம்.

நடுக்கடலில் உன் போன் கிடைக்கவில்லை; கரை நெருங்கியதும் போனில் இதைப் பார்ப்பாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷம் படித்தாயே!

நாளைக் காலை விமானத்தில் மாமா அட்டையோடு வருகிறான். சென்னைத் துறைமுக வாசலில் நிற்பான். வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பதறாமல் எழுது.

நீ நல்லபடியாக எழுத வேண்டுமென்று, ஜங்லிகாட் குழாயடியில் முப்பது வருஷத்துக்கு முன் என் குடத்தை நகர்த்திய அமிர்தவல்லியைக்கூட இன்று மன்னித்துவிட்டேன். மன்னிக்கவே முடியாதவன் ஒருவன்தான். அட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு மூன்று நாளாக வாயே திறக்காத அந்த முருகன்.

உன் அப்பத்தா