முடி வெட்ட உட்கார்ந்தான்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஏதோ இருக்கிறோம். துரை எப்படி இருக்கிறான்? போனை எடுத்தாலே சிட்டு பிடுங்கி எறிகிறாள், அதனால்தான் கடிதம். நீங்கள் ஊர் மாறிப் போனதிலிருந்து பேச்சுப் பயிற்சி மையத்து பெஞ்சில் நான் ஒண்டிக்கட்டை.

போகும்போது சொன்னீர்களே, ஆட்டிசம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் ஃப்ளோரைடு இருக்கிறது, அது விஷம், துரைக்கு நிறுத்திவிட்டேன் என்று. பெட்டிக்குள் இருந்த தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சிட்டு மாத்திரையிலும் 'ஃப்ளோரோ' என்று அந்த மாதிரிப் பெயர்தான். நேற்றோடு நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை, திட்டுவார்.

ஒரு நல்ல செய்தி. தண்ணீர் வேண்டுமென்றால் அட்டையில் தண்ணீர்ப் படத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறாள். இந்த ஏழு வயதில் முதல்முறையாக அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

உங்கள் தங்கை,
சிட்டு அம்மா


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

புது வீட்டுக் குழாயில் தண்ணீருக்கு முன்னால் இருமல்தான் வருகிறது. துரை நன்றாக இருக்கிறான். சொன்னால் நம்பமாட்டாய், சனிக்கிழமை முடி வெட்டக் கூட்டிப்போனோம். கத்தவில்லை. கடைசிவரை நாற்காலியில் உட்கார்ந்தான்.

மாத்திரை விஷயம் பிறகு விவரமாக எழுதுகிறேன். சிட்டுவைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

விவரமாக எழுதுகிறேன் என்றீர்கள், எழுதவே இல்லை. சிட்டு மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள், சுவரைக் குத்துகிறாள். டாக்டரிடம் போகலாம் என்கிறார் இவர். துரை உட்கார்ந்த மாதிரி இவளும் உட்காருவாள், கொஞ்சம் பொறுங்கள் என்று நான்தான் தடுக்கிறேன். எத்தனை வாரம் ஆகும் அக்கா? ஒரு வரி போதும்.

சிட்டு அம்மா


ஏப்ரல் 18

அன்புத் தங்கைக்கு,

துரைக்கு நான் நிறுத்தியது பன்னிரண்டே நாள். அதற்குள் அவன் படாதபாடு பட்டான். இங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பற்பசையில இருக்கிற ஃப்ளோரைடு வேற, மாத்திரைக்குள்ள பிணைஞ்சிருக்கிற ஃப்ளோரின் வேறம்மா. பயம் வந்தா எங்கிட்ட கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க." அளவை மாற்றி மறுபடி கொடுக்கிறோம். அவன் முடி வெட்ட உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

உன்னிடம் அவ்வளவு அடித்துச் சொல்லிவிட்டு, தப்பு என்று எழுத வெட்கமாக இருந்தது. இன்றைக்கே டாக்டரிடம் போ.

அக்கா


மே 6

துரை அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஏப்ரல் பதினேழாம் தேதி சிட்டு ஜன்னல் கண்ணாடியைக் குத்திவிட்டாள். வலது கையைத் தைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரலை இனி நீட்ட முடியாதாம்.

நீங்கள் தப்பாகச் சொன்னதற்குக் கோபமில்லை. நானும் நம்பினேன், டாக்டரிடம் மறைத்தேன். என் பங்கு எனக்குத் தெரியும். ஆனால் அந்த முடி வெட்டிய கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். அவள் கையைக் கடித்த ஒவ்வொரு நாளும் எடுத்துப் படித்துவிட்டு, இன்னும் ஒரு நாள் பொறுத்தேன். அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பதில் எழுத வேண்டாம்.

மாத்திரை கொடுக்கிறோம், அமைதியாக இருக்கிறாள். நேற்று தண்ணீர்ப் படத்தின்மேல் அந்தக் கையின் முழங்கையை வைத்தாள். அப்போது எனக்குப் புரியவில்லை. சாய்ந்துகொள்கிறாள் என்று நினைத்து அட்டையைத் துடைத்து எடுத்து வைத்துவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

சிட்டு அம்மா