ஞாயிறு கழிந்த ஐஸ் அட்டவணை

திங்கள், இரவு.

மீனவர் சங்கத்தில் என் பைதன் நிரலுக்கு இன்று முதல் நாள். முந்தைய நாள் கடலுக்குப் போன வள்ளங்களைத் தரவுத்தளத்தில் தேடி, வரும் விடையைப் புதிய அட்டவணையாக்கித் தரும். அதில் உள்ள வள்ளங்களுக்கே ஐஸ்.

பின்னேரம் ஐஸ் கொடுக்கும் றெஜினா வந்தாள். "அக்கா, எங்கடை வள்ளமெல்லாம் கடலிலை தாண்டு போச்சோ? அட்டவணையிலை ஒண்டையும் காணேல்லை."

அட்டவணையில் தலைப்புகள் மட்டும் இருந்தன. வெளியே ஆட்கள் பெட்டிகளோடு நின்றார்கள். ஐஸ் இல்லாமல் இரவுத் தொழிலுக்குக் கடலில் இறங்க முடியாது. அட்டவணை ஆக்கித் தரும் பைதன் லைப்ரரியில், பிறர் எழுதிவைத்த அந்த ஆயத்த நிரல்களில், எனக்கு என்றைக்குமே முழு நம்பிக்கை இல்லை. அதையே திட்டிக்கொண்டு சனிக்கிழமையைத் தேடிப் பார்த்தேன். எல்லா வள்ளங்களும் வந்தன. அப்போதுதான் விளங்கியது: நேற்று ஞாயிறு. இங்கே எல்லோரும் கத்தோலிக்கர்; ஞாயிறில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை.

"வேலணை ஆக்களுக்கு நாங்கள் பூசைக்குப் போறது தெரியாதோ?" என்றாள் றெஜினா. நான் வேலணையிலிருந்து வந்தவள்.

'நேற்று' என்பதை 'கடைசியாகக் கடலுக்குப் போன நாள்' என்று மாற்றி, அட்டவணையைத் திரும்ப உருவாக்கினேன். எல்லோருக்கும் ஐஸ் கிடைத்தது.

"இனி எந்த நாளிலும் அட்டவணை வெறுமையாக வராது, பெரிய வெள்ளியிலும்கூட," என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"ஓம் அக்கா. அண்டைக்கு ஐஸ் வாங்க ஆர் வருவினம்?"

இருவரும் சிரித்தோம். ஒருவரும் கடலுக்குப் போகாத நாளில் அட்டவணை வெறுமையாகத்தான் வர வேண்டும்; நாளைக்கு அதையும் திருத்த வேண்டும்.