முதல் வாய் அமுதாவுக்கு

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். ஓர் இலை அசையவில்லை. தண்ணீர் மோட்டார் மறுபடி மக்கர். ஊற வைத்த துணி வாளியிலேயே.

கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வழக்கம்போல வாசலில் நின்றுகொண்டு: "பச்ச மீன் திங்கறதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா? மரக்காணம் போனா கூடையோட குடுப்பாங்க." இன்று போவது கொரியன் கடை, பச்சை மீன் ஜப்பான்காரர்கள் சமாச்சாரம் என்று எத்தனை தடவை சொல்வது. அவருக்கு சீனா, ஜப்பான், கொரியா எல்லாம் ஒரே தெரு. செருப்பை மாட்டினேன்.

குயிலாப்பாளையம். டெய்சி, கோகிலா, நான். அமுதா போன பிறகு முதல் தடவை.

மாசியில் போனாள். காலையில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் இல்லை. அதற்கப்புறம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் மூச்சு விடவில்லை. போன வாரம் டெய்சிதான் போட்டாள், 'ஞாயித்துக்கெழம போலாமா?' கோகிலா ஒரு கட்டை விரல். நானும் ஒன்று.

அதே மூலை மேசை. பரிமாறும் பெண்ணுக்கு எங்களைத் தெரியும், நாலு பேருக்கும் தட்டு வைத்துவிட்டாள். ஒன்றை எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல எங்கள் மூவருக்கும் வாய் வரவில்லை.

கிம்ச்சி சூப், புளிக்க வைத்த முட்டைக்கோஸ் போட்டது. பொரித்த கோழி, இனிப்பும் காரமும் புரட்டியது. கிண்ணத்தில் சோறு, அதன் மேல் காய், அதன் மேல் முட்டை. எல்லாம் வந்தது. ஆவி பறந்தது. நாங்கள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தோம், கல்யாணப் பந்தியில் இலை போட்டும் சோறு வராத மாதிரி. இங்கே சோறு வந்துவிட்டது.

முதல் வாய் அமுதாவுடையது. எங்கள் சட்டம். முதன்முதலில் இந்தக் கடைக்கு வந்தபோது எதில் என்ன கிடக்கிறதென்று தெரியாமல் மூவரும் திருதிருவென்று முழிக்க, அவள்தான் சூப்பை இழுத்து வைத்துக்கொண்டாள். "நான் சாப்புட்டு சாவலன்னா நீங்க சாப்புடுங்கடி." ஒரு கரண்டி. கண்ணை மூடினாள். "பழைய கேப்பங்கூழு புளிப்புதான். பயப்படாதீங்க." அன்றிலிருந்து பாண்டி வியட்நாம் கடையானாலும் விழுப்புரம் சைனீஸ் ஆனாலும் அவள் வாய் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் எங்கள் கை தட்டுக்குப் போகாது.

சூப் ஆறியது. அந்தப் பெண் வந்து, "இன்னாக்கா, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குதுமா," என்றாள் டெய்சி, வாயே வைக்காமல்.

கடைசியில் நான்தான் கரண்டியை எடுத்தேன். யாராவது எடுக்கத்தானே வேண்டும். நாக்கில் பட்டதும் இடது காது பக்கம் கேட்டது.

"உப்பு கம்மிடி சுமதி."

அமுதா குரல். பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திக் கரகரத்த அதே தொண்டை. திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலி. கோகிலா தலை குனிந்து மூக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லை. சாப்பிட்டேன். உப்பு கம்மிதான்.

ஜூலை 7, திங்கள்

பாசஞ்சர் லேட். திண்டிவனத்திலிருந்தே நின்றுகொண்டுதான். நானும் டெய்சியும் அமுதாவும் பழகியதே இந்த வண்டியில்தான். டிபன் பாக்ஸைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் மாற்றிக்கொண்டு. கோகிலா மட்டும் அமுதாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவள், அவள் கூட்டிவந்து எங்களோடு சேர்த்தாள்.

இன்று டெய்சி லீவ். நல்லதாகப் போயிற்று. என் முகத்தைப் பார்த்தால் கேட்டிருப்பாள்.

நேற்று கேட்டது பிரமை. வெயில், பசி, அழுகை எல்லாம் சேர்ந்தது. அப்படியே முடிவு.

மதியம் ஆபீஸில் சாம்பார் சாதம். முதல் உருண்டை. "பெருங்காயம் தூக்கல்."

ஓடிப்போய் வாஷ் பேசினில் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை, குனிந்தே வந்துவிட்டேன். பக்கத்து சீட் மேடம், "பிரஷரு செக் பண்ணும்மா" என்றார்.

பெருங்காயம் தூக்கல்தான். அவசரத்தில் இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

வாங்க: சபீனா, வெந்தயம், மோட்டாருக்கு கன்டென்சர் (எலக்ட்ரீஷியன் போனை எடுப்பதில்லை, பேஜாரு பிடித்தவன்).

டீக்கு ஒன்றும் சொல்வதில்லை. பிஸ்கட்டுக்கும் இல்லை. சமைத்த சாப்பாட்டுக்கு மட்டும், முதல் வாய்க்கு மட்டும். அப்புறம் எவ்வளவு காது கொடுத்தாலும் கிடையாது. ஒருநாள்கூட 'நல்லா இருக்கிறாயா' என்று கேட்கவில்லை. செத்தும் சாப்பாட்டுப் பேச்சுதான். அமுதாவேதான், சந்தேகமில்லை.

பயமா என்றால் பயம்தான். சமையல்கட்டில் தனியாக இருக்கும்போது குக்கர் விசில் போனால் துள்ளிக் குதிக்கிறேன். ஆனால் இன்று மதிய மணி அடிக்கும் முன்பே டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன். பசியே இல்லை.

ஜூலை 12, சனி

டெய்சியும் நானும் மட்டும், வி.புரம் சைனீஸ். கோகிலாவுக்கு ஆடி வருவதற்குள் முடிக்க வேண்டிய முகூர்த்த ரவிக்கை குவிந்து கிடக்கிறதாம்.

கோபி மஞ்சூரியன் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஃபோர்க்கை நீட்டினோம். வாயில் போட்டதும் எனக்குக் கேட்டது, "சோயா அதிகம்." எதிரே டெய்சி மெல்லாமல் அப்படியே இருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். நான் ஒரு வாரமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

"உனக்கும் கேக்குதா?" என்றேன்.

முழுங்கிவிட்டு ஓவென்று அழுதாள். சப்ளையர் டிஷ்யூ கொண்டுவந்து வைத்துவிட்டு நைசாக நகர்ந்துவிட்டார். அவளுக்கும் குயிலாப்பாளையத்தில்தான் ஆரம்பமாம். கிளியனூர் சர்ச்சில் பாஸ்டரிடம் பாதி சொல்லியிருக்கிறாள். "ஜெபம் பண்ணுன்னாரு. பண்ணா போயிடுவாளோன்னு பண்ணல சுமதி."

கை பிடித்துக்கொண்டோம். நிம்மதியாக இருந்தது. எனக்குப் பைத்தியம் இல்லை. இருந்தாலும் துணைக்கு ஆள் இருக்கிறது.

அதோடு விட்டிருக்கலாம். "சோயா அதிகம்னு சொன்னா இல்ல?" என்றேன்.

"இல்லியே. இஞ்சி பத்தலன்னா."

"சோயாடி. காதுல வந்து சொன்னா."

"அப்ப எங்காதுல இன்னா காக்காயா வந்து கத்துச்சு?"

அரை மணி நேரம் சண்டை. நீ பொய் சொல்கிறாய், அவள் என்னிடம்தான் பேசுகிறாள், ரயிலில் என் பக்கத்தில்தான் உட்காருவாள், இல்லை என் பக்கத்தில். தண்ணீர்க் குழாயடியில் கூட இவ்வளவு கேவலமாக நான் சண்டை போட்டதில்லை. செத்தவளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். மஞ்சூரியன் பாதி மிச்சம். பார்சல் கூட கட்டவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

டெய்சி மெசேஜ்: 'சாரிடி. சோயாவும் அதிகம்தான்.'

நான்: 'இஞ்சியும் பத்தல.'

ஜூலை 20, ஞாயிறு

காற்று வந்துவிட்டது. கொடியில் இருந்த துண்டு பக்கத்து வீட்டு மாடியில்.

தி.வனத்தில் கோகிலா தையல் கடைக்கு ரவிக்கை வாங்கப் போனோம். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டுதான் போனோம். டெய்சி வாய் ஓட்டை வாய். "நேத்து எங்க வூட்டு மீன் கொழம்ப புளி ஜாஸ்தின்னா..." என்று என்னிடம் ஆரம்பித்துவிட்டாள். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாளாம். மெஷின் நின்றுவிட்டது.

"யாரு சொன்னா?" என்றாள் கோகிலா.

மழுப்பிப் பார்த்தோம். அவள் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்து வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. நம்ப மாட்டாள், திட்டுவாள் என்று பார்த்தேன். நம்பிவிட்டாள். அதுதான் பொறுக்கவில்லை.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல," என்றாள். "நாலு மாசமா காத குடுத்துக்கினுதான் இருக்கறேன். எப்பவாச்சும் வருவா, எதனா சொல்லுவான்னு. அவ வயசுக்கு வந்தப்ப மொதல்ல எங்கிட்டதான் சொன்னா. அவ புருசன புடிக்கலன்னு எங்கிட்டதான் சொன்னா. இப்ப உங்ககிட்ட வந்து மீன் கொழம்பப் பத்திப் பேசறா."

டெய்சி அவள் தோளைத் தொட்டாள். தட்டிவிட்டாள். என் ரவிக்கையைக் கவரில் போட்டு, நூல் பிசிறு கத்தரித்து, மடித்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

லீவ் போட்டேன். கோகிலா காலையிலேயே போன்: "நீ மட்டும் வா. டெய்சி வேணாம், அவ வேற சாமி."

அவள் வீட்டு மாடி. வாழை இலை. அமுதா வீட்டில் அவள் வீட்டுக்காரர் முறைப்படி செய்துகொண்டிருப்பார், வடை பாயசத்தோடு. இது கோகிலா படையல். "நமக்கு இன்னா உறவுன்னு கேப்பாங்க. கேக்கட்டும்."

இலையில் இருந்தது: கிம்ச்சி. காய் போட்ட நூடுல்ஸ். போனைப் பார்த்துப் பார்த்து உருட்டிய ஜப்பான் சோற்று உருண்டை, உள்ளே மல்லாட்டைக் கடலைப் பொடி. அமாவாசை என்பதால் கோழி மட்டும் இல்லை. ஓரத்தில் சாப்பிட இரண்டு குச்சி.

"கா... கா..." என்று கூப்பிட்டாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. ஒரு காகம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. இலையைப் பார்த்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பறந்து போய் அடுத்த மாடியில் யாரோ வைத்திருந்த வடையை எடுத்துக்கொண்டது. இன்னொன்று வந்தது. அதுவும் அங்கேதான்.

வெயில் ஏறியது. நூடுல்ஸ் காய்ந்து கயிறு மாதிரி ஆனது. "கிம்ச்சி நாத்தம் அதுக்குப் புடிச்சிருக்காது," என்றேன்.

கோகிலா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் உப்பு பாத்துட்டன்டி."

எனக்குப் புரியவில்லை.

"படையலுக்கு உப்பு பாக்கக் கூடாது இல்ல? தெரியும். எங்கம்மா காலத்துல இருந்து பாத்ததில்ல. இது நமக்குத் தெரியாத சமையலு. நல்லா இருக்கணுமேன்னு கரண்டியில எடுத்து வாயில வச்சிட்டேன். மொத வாய் அவளோடது. நான் எடுத்துட்டேன். எச்சி சோத்த வச்சிட்டு வா வான்னா எப்டி வருவா? அதான் எங்கிட்ட பேசவே மாட்டேங்கறா."

இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தேன். என்னை விட பலசாலி, மெஷின் மிதிக்கிற உடம்பு. பிடித்து நிறுத்த முடியவில்லை.

அப்போது சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"இப்ப சொன்னாடி. இப்பதான். 'கோகி பண்ணது நல்லா இருந்துச்சு, உப்புதான் கொஞ்சம் தூக்கல்'னு."

அமுதா மட்டும்தான் அவளைக் கோகி என்பாள்.

கோகிலா நிமிர்ந்தாள். முகமெல்லாம் கண்ணீரும் சளியும். "தூக்கலா?" என்றாள். எட்டி இலையில் இருந்து ஒரு விரலில் தொட்டு எடுத்து நக்கினாள். "ஆமாடி. தூக்கல்தான்." அழுதுகொண்டே சிரித்தாள். வெகு நேரம் சிரித்தாள்.

நான் சும்மா அடித்துவிட்டது. உப்பு பொருந்தியது அதிர்ஷ்டம். பாவம் செய்த மாதிரி இல்லை. நல்லது செய்த மாதிரியும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

கூழ் ஊற்றினார்கள் கோயிலில். முதல் வாய். ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் சத்தம் காரணமாக இருக்கும்.

ஜூலை 26, சனி

தோசை, இல்லை. சாதம், இல்லை. ராத்திரி உப்புமா, இல்லை.

ஜூலை 28, திங்கள்

வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடவில்லை. காத்திருந்தேன். வீட்டுக்காரர்தான் சொன்னார், "உப்பு எங்கடி?" அவரைப் பார்த்து அழுதுவிட்டேன். மனுஷன் பயந்து போய் அப்படியே ஊற்றிக் குடித்தார்.

ரயிலில் டெய்சி கேட்டாள்: "மாடியில நெசமாவே சொன்னாளா?"

"சொன்னா."

அவளுக்கு இன்னும் கேட்கிறதாம். நேற்று கூட வாழைக்காய் வறுவலைப் பாராட்டினாளாம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நானாக ஒரு தடவை அவள் குரலில் பேசிவிட்டேன். அதனால்தான் அவள் குரல் நின்று போயிற்றா? இல்லை, முதலிலிருந்தே நான்தானா? உப்பு கம்மி, பெருங்காயம் தூக்கல், இதெல்லாம் எனக்கே தெரிகிற விஷயம்தானே. இதை நினைத்தால் அவள் மறுபடி செத்துப் போகிறாள். நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது. தூறல்.

தி.வனம் பைபாஸில் புதிதாகத் திறந்த கடை. போர்டில் சைனீஸ், தாய், ஜப்பான், கீழே பரோட்டா. டெய்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோகிலா புதுப் புடவையில் வந்திருந்தாள். ரொம்ப நாள் கழித்துப் பூ வைத்திருந்தாள்.

தாய் கறி, தேங்காய்ப் பால் ஊற்றியது. வெள்ளைச் சோறு. இறால்.

கோகிலா யாரையும் கேட்கவில்லை. கரண்டியை எடுத்தாள், முதல் வாய் வைத்தாள், தலையைச் சாய்த்தாள். "தேங்கா பழசாம்," என்றாள். "அமுதா சொல்றா."

டெய்சி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். நானும் ஒரு வாய் போட்டேன். மென்றேன். மழை சத்தம், லாரி சத்தம், கிச்சனில் வாணலி சத்தம். வேறு ஒன்றும் இல்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சுமதி ஏன் சாப்புடலன்னு கேக்கறா," என்றாள் கோகிலா.

நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், கண் கொட்டாமல். மாடியில் அன்று என் முகமும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.

"வேற இன்னா சொல்றா?" என்று கேட்டுவிட்டேன்.

கோகிலா கொஞ்சம் யோசித்தாள். நான் கரண்டியை மறுபடி கையில் எடுத்தேன்.