பாலத்துப் பெட்டியும் அப்பாவின் கேன்வாஸும்

சாஆ, ஜொகூர்

அன்பு மகள் லோஷினிக்கு அம்மா எழுதுவது. கோயில் ஆத்தா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அந்த ஹாலந்து ஈரக்காற்றில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் ஆறு எப்படி, தண்ணீர் எதுவரைக்கும் என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கிருந்தே நம் ஆற்றையும் பார்க்கிற உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. மழை எவ்வளவு வரும், அணைக்கட்டுக் கதவை எப்போது திறக்கலாம், எந்தத் தாமான் வீடுகளுக்கு எவ்வளவு தண்ணீர் விடலாம் என்று எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போடுமாம். ஆனால் இந்த ஊரில் அதற்குக் கண் என்று இருப்பது நம் பாலத்துக்கு அடியில் மாட்டியிருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிதானே? கோயில் திருவிழாவுக்குக் கரகக் குடத்தை அலங்கரித்துப் பாலிக்க ஆற்றுக்குப் போனபோது, பெண்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று அப்பா பாலத்துக் கம்பியிலிருந்து கரை வரைக்கும் நீலக் கேன்வாஸ் கட்டினார், பெட்டிக்கு நேர் கீழே. அது கேன்வாஸைத் தண்ணீர் என்று நினைத்து ஆறு ஏறிவிட்டதாகச் சொல்லியிருக்கிறது. அலமாக்! கொளுத்துகிற வெயிலில் வெள்ளச் சங்கு ஊதுகிறது, மேலே அணைக்கட்டை மூடிவிட்டார்கள், ஊருக்கு வருகிற தண்ணீரும் நின்றுபோய், சாயங்கால அன்னதானத்துக்கு அரிசி களையப் போனால் குழாயில் வெறும் காற்று. அன்னதானத்துக்குச் சமைக்கிற கிருஷ்ணம்மா அக்கா கோயில் அடுப்படியில் நின்றுகொண்டு உன் படிப்பையே திட்டித் தீர்த்துவிட்டார்.

சங்கு ஊதிய அந்த நேரம்தான் நீ போன் செய்தாய். வீட்டை விட்டு மேட்டுக்குப் போங்கம்மா என்று அழுதாய், அப்பா குரலைக் கேட்டதும் இன்னும் அழுதாய். பிறகுதான் யோசித்தேன். தீபாவளிக்கு மெசேஜ், என் பிறந்தநாளுக்கு மெசேஜ், போன் மட்டும் ஆறு ஏறினால்தான். பெற்றவளைத் தேடிப் பேசுகிறாயா, கம்ப்யூட்டர் சிவப்பு காட்டியதால் பேசுகிறாயா என்று எனக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதே, மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

இப்போது அதைவிடப் பெரிய சந்தேகம் உன் அப்பா மேல். அதிகாரிகள் வந்து கேன்வாஸை அவிழ்த்துக் கொடுத்து, இனி இங்கே எதையும் கட்டாதீங்க அங்கிள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இவரும் தலையாட்டினார். ஆனால் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து மடித்துக் காரின் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார். நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர் பாலத்துப் பக்கமே போகிறார். நேற்று ஸ்டோரை உருட்டிக் கயிறு தேடினார், எதற்கு என்றால் சும்மாலா என்கிறார். இவரா சும்மா கயிறு தேடுகிற ஆள்? பிள்ளை குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு என்று அவர் முனகியது எனக்குக் கேட்டது. பொய்ச் சங்கு ஊதி ஊதி, நிஜமாகவே வெள்ளம் வரும் நாளில் ஒருவரும் எழுந்து ஓடாமல் போனால் என்னடி செய்வது? எனக்குப் பயமாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டே வேலை பார்க்காதே. ஆத்தா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். ஆறு வற்றிக் கிடக்கிற ஒரு நாளாகப் பார்த்து அப்பாவுக்குப் போன் போடு. கயிற்றை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், அரிசி குறைந்துகொண்டே வருகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா சந்திரமதி