நேமத்தான்பட்டிக் கல்யாணத்துக்கு லைன் இழுத்தேன், மச்சான்

என் அருமை மச்சானுக்கு,

ஜெயித்துவிட்டேன். நலம் விசாரித்து ஆரம்பிக்கப் பொறுமை இல்லை, சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் செல்வி இப்போது டிவி மெக்கானிக் இல்லை. நேமத்தான்பட்டி, கொத்தமங்கலம் பக்கம் எந்த வீட்டில் இன்டர்நெட் ஃபைபர் லைன் அறுந்தாலும் இனிமேல் கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். நேற்று சாயங்காலம் கம்பெனியில் வேலையை நிலையாக்கிவிட்டார்கள். அடையாள அட்டையில் என் போட்டோதான் சகிக்கவில்லை. நீங்கள் பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் போன பிறகு கடையைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. திறந்தபோது வேலை இல்லை. முன்பெல்லாம் நம் செக்காலை ரோட்டுக் கடைக்கு டிவியைப் போர்வையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வருவார்கள். இப்போது தட்டை டிவியில் பேனல் போனால் புதுசே வாங்கிவிடுகிறார்கள். எனக்கு மிஞ்சியது ரிமோட் பட்டனும் மிக்ஸி சுவிட்சும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், மிக்ஸியில் காய்ந்துபோன சட்னியைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நம் கடையில் நீங்கள் வாய், நான் கை. ஞாபகம் இருக்கிறதா? வருகிறவர்கள் உங்களை மெக்கானிக் என்று நினைத்துப் பேச்சைத் தொடங்குவார்கள். நீங்கள் பெரிய மனிதர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நான் இல்லைங்க, மெக்கானிக் உள்ள இருக்காக" என்பீர்கள். அவர்கள் மீசை வைத்த ஆளைத் தேடி எட்டிப்பார்த்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சால்டரிங் கம்பியோடு நான் இருப்பேன். வீட்டில் என்னை "ஏ புள்ள" என்று கூப்பிட்ட மனுஷன், கடையில் மட்டும் மரியாதையாக "இருக்காக" என்று சொன்னது ஏன் மச்சான்? கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று இருந்து, கேட்காமலே போய்விட்டது.

இன்னொன்றும் நினைவு வருகிறது. தெருவில் பள்ளம் தோண்டியவர்களிடம் ஒரு துண்டு ஃபைபரைக் கேட்டு வாங்கிவந்து என் மேசையில் போட்டீர்கள். "இதப் பத்தவச்சுக் குடு பாப்போம்" என்றீர்கள். "கண்ணாடிய எவன் பத்தவப்பான், வேலையப் பாருங்க மச்சான்" என்று விரட்டினேன். இப்போது அதுதான் என் பிழைப்பு. தலைமுடி போன்ற இரண்டு கண்ணாடி இழைகளை மிஷினில் வைத்து உருக்கி ஒட்டுகிறேன். ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியாது.

மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். அங்கேதான் முதல் அடி வாங்கினேன். என் ஒயரிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூலைக்கு மூலை மடித்து, அளவெடுத்த மாதிரி கிளிப் அடித்திருப்பேன். "உன் ஒயரைப் பட்டாளத்துல சேத்துக்குவாக" என்று கேலி செய்வீர்களே. அதே சுத்தத்தோடு ஃபைபரையும் சுவர் மூலையில் மடித்து வைத்தேன். மறுமுனையில் வெளிச்சம் வந்து சேரவே இல்லை. செம்புக் கம்பியை எப்படி மடித்தாலும் கரண்ட் ஓடும். கண்ணாடிக்குள் போகிற வெளிச்சம், மடிப்பு கூர்மையாக இருந்தால் அங்கேயே வெளியே கசிந்துவிடும். டிவி வேலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்வார்களாம். சுத்தமாகச் செய்தால் தப்பு என்று ஒரு தொழிலா என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மேற்பார்வை பார்க்கிற ரவி நல்ல பையன், ஆனால் நம்பிக்கை குறைவு. நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு லைன் கொடுக்க என்னை அனுப்பியபோதே சொல்லிவிட்டான். "இது நல்லபடியா முடிஞ்சா அங்குட்டு ஏரியா பூராம் உங்களுக்குத்தேன். சொதப்புனா நான் ஒண்ணும் பேச முடியாதுக்கா." சொதப்பினால் எனக்கு என்ன காத்திருக்கிறது? மறுபடியும் அந்தச் சட்னிதான்.

பெண்ணின் தாய்மாமன் பினாங்கில் காலை முறித்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் வீடியோவிலாவது பார்க்காமல் திருப்பூட்டு நடக்காது, தாலி ஏறாது என்று பெண்ணின் அம்மா, எல்லோரும் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், ஒரே பிடியாக நின்றார். வீடோ இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியேறுகிற வீடு. அந்தக் கனத்த சுவரைத் தாண்டி வைஃபை நகரவில்லை. சரி, துளை போட்டு ஒயரைக் கொண்டுபோகலாம் என்றால், பங்காளிகள் எல்லோருக்கும் சொந்தமான வீடு, ஒரு ஆணி அடிக்கவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் சிட்னியில் இருக்கிறார். யாரைக் கேட்பது? துளையே போடாமல், முகப்பிலிருந்து உத்தரத்தில் கட்டி, நடு முற்றத்து வளவுத் தூண் வழியாக, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் வீடியோக்காரர்கள் இருந்த அறைக்குக் கொண்டுபோனேன். கூர்மையாக மடியக் கூடாதே என்று தூணோரம் கொஞ்சம் ஒயரைத் தாராளமாகத் தொங்கவிட்டிருந்தேன். சாயங்காலம் சோதித்தபோது பினாங்கு மாமா திரையில் வந்து, "என்ன டிபன்?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தபோது லைன் போய்விட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. திரையில் மாமா இல்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் வழியில் எங்கேயோ செத்துப்போகிறது. இரண்டாங்கட்டில் ஒயர் நன்றாக இருக்கிறது. மிச்சம் வளவுதான். அங்கே மணவறை. ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? தாலி இழந்தவள் திருப்பூட்டு நேரத்தில் முன்னால் போய் நிற்கமாட்டாள். அதற்காகவே காலையிலிருந்து பின்கட்டை விட்டு நகராமல் இருந்தேன். ஒரு நிமிஷம் நிலைப்படியில் நின்றேன். பிறகு எனக்கே எரிச்சல் வந்தது. லைன் என்னுடையது. நான் போகாமல் யார் போவது? பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

"ஏத்தா, நீ எங்குட்டுப் போற? நேரங்கெட்ட நேரத்துல" என்று ஒரு அம்மாள் கையை நீட்டி மறித்தார். என் வெறும் கழுத்தைத்தான் பார்த்தார்.

ஆச்சி மணவறைப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். "யாரும் மறிக்காதீக, வழி விடுங்க. மெக்கானிக் வந்துட்டாக" என்றார். அவ்வளவுதான். அடுத்த நொடி மாலையை எடுக்கச் சொல்லி யாரையோ அதட்டப் போய்விட்டார்.

எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது.

சிவப்பு ஒளி பாய்ச்சுகிற பேனாவை முகப்பிலேயே ஒயரின் முனையில் மாட்டினேன். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே தெரிந்துவிடும். உத்தரம் முழுக்க ஒன்றுமில்லை. வளவில் மல்லிகைச் சரம் சுற்றிய தூணில், பூவுக்குள்ளே சிவப்பாக ஒன்று மினுங்கியது. சரத்தை விலக்கினால், நான் தொங்கவிட்ட ஒயரை இழுத்து, நான்காக மடித்து, சணலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. பந்தல் விளக்குப் போட வந்த உங்கள் சேக்காளி கருப்பையா அண்ணன் வேலை. "கல்யாண வீட்ல ஒயரு தொங்குதேன்னு நாந்தேன் கட்டுனேன் தங்கச்சி. உன் வேல சுத்தமா இருக்குமே, இன்னைக்கு என்ன இப்புடின்னு நெனச்சேன்" என்றார் பாவம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மதுரையில் செய்த அதே தப்பு! நம் ஆட்களின் சுத்தம்!

சணலை அறுத்தேன். இழை முறியவில்லை. ஒரு தேன்குழல் அளவுக்கு வட்டமாகச் சுற்றி, தளர்வாகக் கட்டி, மேலே மல்லிகைச் சரத்தைப் போட்டேன். பேனாவைக் கழற்றி லைனைச் சேர்த்ததும் இரண்டாங்கட்டிலிருந்து வீடியோக்காரப் பையன் கத்தினான்: "அக்கா, மாமா வந்துட்டாரு!"

திரும்பி வரும்போது பின்கட்டுக்கு ஓடவில்லை. வளவிலேயே, தூணோரம், என் லைன் பக்கத்தில் நின்றேன். கெட்டிமேளம் முழங்கியது. மணவறைப் பக்கம் வைத்திருந்த திரையில் அந்த மாமா கட்டுப்போட்ட காலோடு எழுந்து நிற்கப் பார்த்தார். நான் அழுதேன். துக்கத்தில் இல்லை, சத்தியமாக இல்லை. நீங்கள் போன பிறகு நான் முதல்முறையாகப் பெருமையில் அழுதது அன்றைக்குத்தான்.

கடைப் பலகைக்குப் புதுசாகப் பெயின்ட் அடிக்கிறார்கள். 'சோலை எலக்ட்ரானிக்ஸ்' அப்படியே இருக்கும். அதன் கீழே 'ஃபைபர் இணைப்பு, பழுது நீக்கம்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கொண்டுவந்த அந்தத் துண்டு இழை இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது. ஒருநாள் நான் இந்தத் தொழிலுக்கு வந்து நிற்பேன் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?

ஒரு வாக்குத் தருகிறேன், மச்சான். இனி கடைக்கு யார் வந்து மெக்கானிக்கைத் தேடினாலும், நீங்கள் சொல்வீர்கள் என்று உள்ளே காத்திருக்கமாட்டேன். நானே வாசலுக்கு வந்து சொல்லுவேன்.

உங்கள் மாமன் மகள்,
மெக்கானிக் செல்வி